மத்தியானத்துச் சிவப்புப் புள்ளிகள்

தனக்கு நீரிழிவு என்பதை ஞானம்பிகை எந்த வைத்தியரிடமிருந்தும் அறியவில்லை. தான் பார்த்துக்கொண்ட முதியவருக்காக ஆஸ்பத்திரி அனுப்பிய பாடங்களைப் பார்த்து, அவளே கண்டுபிடித்தாள்.

யாழ்ப்பாணத்து வேலணையில் பிறந்தவள். கலியாணமாகி வந்த புதிதில் இத்தாலியின் பலெர்மோ நகரில் மாடிப்படிகளைக் கழுவினாள். பிறகு வீடுகளைக் கழுவினாள். "கடைசியிலை ஆக்களைக் கழுவத் துவங்கினன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவாள். கணவன் இராஜதுரைக்குச் சியாகுல்லியில் தோட்ட வேலை. மகள் துசானி வியா மக்வேதாவில் ஒரு பீங்கான் சாமான் கடையில் நிற்கிறாள். அதே தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. ஆனால் கிழமையில் பெரும்பாலான நாட்கள் ஞானம்பிகை அந்த வீட்டில் படுப்பதில்லை. லிபெர்த்தாவில், லிஃப்ட் வைத்த பழைய கட்டடம் ஒன்றில், அவள் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா கொன்செத்தா அம்மாளின் அறைக்குப் பக்கத்து அறைதான் அவளுடைய இடம். வியாழனும் ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு விடுமுறை; அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து இருப்பாள்.

சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். கண் மங்கி, கை நடுங்கத் தொடங்கியபிறகு தனியாக இருக்க முடியவில்லை. ஒரே மகன் ஃபாபியோ மிலானோவில் வழக்கறிஞர். ஞானம்பிகையை ஒழுங்கான ஒப்பந்தத்தோடு வேலைக்கு வைத்தவன் அவன்தான். ஒரு நாளைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுப்பான். குரலை உயர்த்திக் கதைத்தது கிடையாது.

ஒரு வெயில் காலத்தில் சிஞ்ஞோராவுக்குச் சீனி ஏறி, நினைவு தடுமாறி, ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. வீட்டுக்கு வந்த சில நாளில் தொனத்தெல்லா என்ற தாதி ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் இரத்தத்தில் சீனி பார்க்கிற மிசின், அழுத்தம் பார்க்கிற பட்டி, தொடுதிரையுள்ள ஒரு ரப்லெட். தொனத்தெல்லா சிஞ்ஞோராவின் விரலைக் குத்தி, துளியை மிசினில் விட்டாள். மிசினில் வந்த எண் கண் மூடித் திறப்பதற்குள் ரப்லெட்டின் திரைக்கும் வந்தது.

"இங்கேயிருந்து எங்களுக்கு வரும். உங்கள் மகனின் கைபேசிக்கும் போகும்" என்றாள் தாதி. "இனி எண்களைத் தாளில் எழுத வேண்டாம். மருத்துவர் பார்த்துவிட்டு மருந்தை மாற்ற வேண்டுமென்றால் இதிலேயே சொல்லுவார். ஊசி போட்டதும் இந்தப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். யார் செய்வது? நீங்களா?"

"ஓம், நான்தான்" என்று தமிழில் வாய் தவறிச் சொல்லி, பிறகு இத்தாலியனில் சொன்னாள் ஞானம்பிகை.

பெட்டி வந்தபிறகு வீட்டில் ஒரு அமைதி வந்தது உண்மை. முன்பு ஃபாபியோ கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவள் சொற்களைத் தேடித் தடுமாறுவாள். இப்போது அவன் கேட்கிறதே இல்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிஞ்ஞோராவின் சீனியும் இறங்கி ஒரு நிலைக்கு வந்தது.

ரப்லெட்டில் பாடங்களும் வந்தன. நாளுக்கு ஒன்று. எதைச் சாப்பிடலாம், ஊசியை எங்கே மாற்றி மாற்றிப் போடுவது, சீனி திடீரென இறங்கினால் என்ன செய்வது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சாய்வு நாற்காலிகளில் இருந்து பார்ப்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் சிஞ்ஞோரா உறங்கிவிடுவார். ஞானம்பிகை விளங்காத இடங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். முடிவில் மூன்று கேள்விகள் வரும். சரியாக விடையளித்தால் ஒரு நட்சத்திரம் விழும். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் அவள். அந்த நட்சத்திரங்களுக்காக நாற்காலியின் நுனியில் இருந்து பொத்தான்களை அழுத்தினாள்.

அடுத்த முறை திரையில் வந்த பெண் மருத்துவர், "சிஞ்ஞோரா, நீங்கள் இதுவரை வந்த எல்லாப் பாடத்தையும் படித்து முடித்திருக்கிறீர்கள். எங்கள் நல்ல மாணவி!" என்று பாராட்டினார்.

சிஞ்ஞோரா ஞானம்பிகையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நான் எப்போதும் நல்ல மாணவிதான், டொத்தோரெஸ்ஸா" என்றார். அன்றைக்கு இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய சில நாளில் வந்தது நோயின் அறிகுறிகள் பற்றிய பாடம். படத்தில் ஒரு மனிதன் தண்ணீர் குடிக்கிறான், சிறுநீர் கழிக்கப் போகிறான், திரும்பவும் தண்ணீர் குடிக்கிறான். களைத்து விழுகிறான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறான், பார்வை தெளியவில்லை. காலில் ஒரு புண், ஆறவில்லை.

ஞானம்பிகை திரையை நிறுத்திவிட்டுத் தன் வலது காலைப் பார்த்தாள்.

புரட்டாசி நடுவில் இராஜதுரைக்குச் சாப்பாடு கொண்டு தோட்டத்துக்குப் போனபோது எலுமிச்சை முள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. அன்றைக்கு அது நோகவே இல்லை. நோகாததுதான் பிழை என்று பிறகு படித்துக்கொண்டாள். முள்ளைப் பிடுங்கி மஞ்சள் வைத்தாள். மேல்தோல் மூடியது, உள்ளே ஈரமாகவே இருந்தது. மேசுக்குள், காலுறைக்குள், பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

அவளுக்கென்று ஒரு குடும்ப வைத்தியர் முன்பு இருந்தார். மருத்துவ அட்டை காலாவதியானதோடு அந்தத் தொடர்பு அறுந்தது. வதிவிட அனுமதியான பெர்மெசோ புதுப்பித்து வந்தபிறகும் அட்டையைப் புதுப்பிக்கப் போகவில்லை. அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். சிஞ்ஞோராவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கேட்டால் ஃபாபியோ ஏற்பாடு செய்திருப்பான். கேட்டால், ஏன் என்றும் கேட்பான். நோயாளியைப் பார்க்க நோயாளியை யார் வைத்திருப்பார்கள்? அவளோடு வேலை செய்த ஒருத்தியை இடுப்பு வலி என்று சொன்ன மாதமே நிற்பாட்டினார்கள். அது ஞானம்பிகைக்கு மறக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சிஞ்ஞோரா உறங்கியதும் மிசினை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினாள். எண்கள் ரப்லெட் வழியாகத்தான் போகின்றன என்று அவளுக்குத் தெரியும். அதனால் ரப்லெட்டை அணைத்துவிட்டுத்தான் போனாள். ஊசியை மாற்றி, தன் விரலைக் குத்தினாள். நானூற்றுக்கு மேல் வந்தது.

மிசின் பழுதாகிவிட்டது என்று நினைத்தாள். மற்றக் கையில் குத்தினாள். அதே கதைதான்.

குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியில் வந்து, பாடங்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். இந்த முறை தனக்காக. சோற்றை விட்டாள், பாண் ரொட்டியை விட்டாள். சிஞ்ஞோரா வீட்டின் நீண்ட நடைபாதையில் மேலும் கீழுமாக நடந்தாள். அந்தக் காலோடு நடக்கக் கூடாது என்பது வேறு பாடத்தில் இருந்தது. அதை அவள் இன்னும் எட்டவில்லை. ஒவ்வொரு நாள் மத்தியானமும் குளியலறையில் சோதித்துப் பார்த்தாள். முந்நூற்றைம்பதுக்கு இறங்கியபோது தன்னால் முடியும் என்று நம்பினாள். யாருக்கும் தெரியாமல் இதை இறக்கிவிட்டால், பிறகு யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

துசானி ஒரு ஞாயிறு கேட்டாள். "அம்மா, ஏன் மெலிஞ்சு போனீங்கள்?"

"வயசு போகுதெல்லோ."

"காலை ஏன் நொண்டிறீங்கள்?"

"சப்பாத்து கடிச்சுப்போட்டுது. நீ சாப்பிடு."

அந்தக் கிழமை ரப்லெட்டில் ஒரு செய்தி வந்தது. மருத்துவர் எழுதியிருந்தார். 'மதியத்துக்குப் பிறகு சீனி தொடர்ந்து மிக அதிகமாக இருக்கிறது. நாளையிலிருந்து மதிய ஊசியின் அளவைக் கூட்டவும்.' கீழே சிஞ்ஞோராவின் வரைபடக் கோடு. காலைப் புள்ளிகள் பச்சை, மாலைப் புள்ளிகள் பச்சை. இடையில், ஒவ்வொரு மத்தியானமும், உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி.

ரப்லெட் அணைந்திருந்தாலும் மிசின் எண்களை மறக்கவில்லை. தனக்குள் வைத்திருந்தது. மாலையில் சிஞ்ஞோராவின் துளியை விட்டு ரப்லெட்டைத் திறந்தபோது, வைத்திருந்த எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டது. யாருடைய இரத்தம் என்று கேட்க அதற்குத் தெரியாது. அந்த வீட்டில் அதற்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று.

ஞானம்பிகை திரையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். தொலைபேசி அடித்தது. ஃபாபியோ.

"ஞானா, மத்தியானத்தில் அம்மா என்ன சாப்பிடுகிறார்? இனிப்பு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா?"

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது என்றே பின்னாளில் மகளிடம் சொன்னாள். ஆனால் சொன்னது வேறு.

"பழம் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டார். இனிக் கவனமாக இருக்கிறேன்."

"மருத்துவர் எழுதியதைப் பார்த்தாய்தானே? அதன்படி செய்."

"சரி, அவ்வக்காத்தோ." வழக்கறிஞர் என்று மரியாதையாக அவனை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

அதன்படி செய்யவில்லை. கூட்டிய அளவைப் போட்டால் என்ன நடக்கும் என்று அவள் பாடத்தில் படித்திருந்தாள். பழைய அளவையே போட்டுவிட்டு, கூட்டிய அளவைப் போட்டதாகப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். குளியலறைச் சோதனையை அன்றோடு விட்டாள். மத்தியானத்தில் சிஞ்ஞோராவின் விரலையே குத்தினாள்; சிவப்புப் புள்ளிகள் நின்று பச்சைப் புள்ளிகள் வந்தன. அடுத்த செய்தியில் மருத்துவர், 'புதிய அளவு நன்றாக வேலை செய்கிறது. இதையே தொடரவும்' என்று எழுதியிருந்தார்.

அவள் செய்த பொய்யை இப்போது எல்லோரும் நம்பினார்கள். சிஞ்ஞோரா நலமாக இருந்தார். தன் கால் மட்டும் மணக்கத் தொடங்கியிருந்தது. சிஞ்ஞோராவின் மூக்குக்கு எட்டாமல் இருக்க மேசில் வாசனைத் தூள் கொட்டினாள்.

நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களின் திருநாளுக்குத் தகப்பனின் கல்லறையைப் பார்க்க ஃபாபியோ மிலானோவிலிருந்து வந்தான். அது ஒரு ஞாயிறோடு சேர்ந்து வந்தது. ஞானம்பிகைக்கு விடுமுறை. "நீ காலையிலேயே வீட்டுக்குப் போ. அம்மாவை இன்றைக்கு நான் பார்க்கிறேன்" என்றான்.  கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"மத்தியான ஊசியை முழுக்கப் போட வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"அவர் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். கல்லறைக்குப் போய் வந்தால் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்."

ஃபாபியோ புன்னகைத்தான். "மருத்துவர் எழுதியிருக்கிறாரே, ஞானா. நாமாக மாற்றக் கூடாது. நீ ஒருநாளும் மாற்றவில்லைதானே?"

"இல்லை" என்றாள்.

லிஃப்டுக்குள் நின்றபடி திரும்பிப் போகலாமா என்று நினைத்தாள். கீழ்த்தளம் வந்துவிட்டது. கதவு திறந்தது. வெளியில் பஸ் நின்றது.

அந்தப் பஸ்ஸில் அவள் நேரே தோட்டத்துக்குப் போனாள். அங்கே இராஜதுரை வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய தொலைபேசி அடித்தது. ஃபாபியோவின் குரல் அவள் முன்பு கேட்ட குரலாக இல்லை.

"அம்மா விழுந்துவிட்டார். நடைபாதையில். சீனி இறங்கிவிட்டது என்கிறார்கள். இடுப்பு முறிந்திருக்கிறது. எனக்கு விளங்கவில்லை, ஞானா. நான் எழுதியிருந்தபடிதான் செய்தேன். எழுதியிருந்தபடி."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத் தரையில் குந்திவிட்டாள்.

"என்ன நடந்தது?" என்று ஓடிவந்தார் இராஜதுரை.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நான் ஒரு ஆளைக் கொன்றுபோட்டன்."

தோட்டத்துக்காரனின் லாப்பாவை, மூன்று சில்லு வண்டியை, இரவல் வாங்கி, பழப்பெட்டிகளுக்கு நடுவில் அவளை இருத்திக்கொண்டு இராஜதுரை ஓட்டினார். வழியெல்லாம் அவள் நடந்ததைச் சொன்னாள். வண்டிச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

"சொல்லாதை" என்றார் வாசலில் இறங்கும்போது. "பொலிசு, பெர்மெசோ எண்டு போனால் என்ன செய்யிறது? மிசின் பழுதாப்போச்செண்டு விட்டிடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"அந்த மனிசியை இனியும் அந்த அளவிலைதான் வைச்சிருக்கப் போயினம். கணக்கு அப்பிடித்தானே காட்டுது. நான் சொல்லாட்டித் திரும்பவும் அதைத்தான் போடுவினம்."

 இராஜதுரை அவளுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஃபாபியோ, மருத்துவர், தாதி தொனத்தெல்லா மூவரும் நின்றார்கள். மருத்துவரின் கையில் ஒரு ரப்லெட். அதில் அதே வரைபடக் கோடு. "இந்த மத்தியான எண்களுக்கு இந்த அளவு சரிதான். ஏன் இவ்வளவு இறங்கியது?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவை என்னுடையவை" என்றாள் ஞானம்பிகை.

மூவரும் திரும்பினார்கள்.

"அந்தச் சிவப்புப் புள்ளிகள். அது என் இரத்தம். சிஞ்ஞோராவுடையது இல்லை. எனக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பழைய அளவைத்தான் போட்டுவந்தேன். பொத்தானைப் பொய்யாக அழுத்தினேன்."

ஃபாபியோவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் கத்தவில்லை. "காலையில் கதவடியில் நான் கேட்டேன்" என்றான். "மாற்றினாயா என்று கேட்டேன்."

"ஓம்... கேட்டீர்கள்."

"ஊசியை நான் போட்டேன், ஞானா. என் கையால்." கையை விரித்து அதையே பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

மருத்துவர் உடனே உள்ளே ஓடிச் சிஞ்ஞோராவின் மருந்தை மாற்றச் சொன்னார். தொனத்தெல்லா மட்டும் ஞானம்பிகையின் முன் நின்றாள்.

"நானூறு உங்கள் எண்ணா?"

"என்னுடையது."

"எத்தனை கிழமையாக? இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" கேட்டபடியே மூக்கைச் சுருக்கினாள். கண் கீழே போனது. "சப்பாத்தைக் கழற்றுங்கள்."

"வேண்டாம். சிஞ்ஞோராவைப் பாருங்கள்."

"கழற்றுங்கள்."

மேசு தோலோடு ஒட்டியிருந்தது. தாதி முழந்தாளிட்டு, நீர் விட்டு விட்டு அதைப் பிரித்தாள். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. இராஜதுரை பார்த்துவிட்டு, யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்று மாலையே அவளைப் படுக்கையில் போட்டார்கள். அட்டை காலாவதியானதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தொனத்தெல்லாவே அதற்குரிய அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்தாள். ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்ட வேலை ஒரு கடிதத்தில் முடிந்தது.

கடை மூடியதும் துசானி ஓடிவந்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "மம்மா, எனக்கு ஒரு மெசேச் போட்டிருக்கலாமே! நான் வந்து கதைச்சிருப்பன். இத்தாலியனிலை எல்லாம் கதைச்சிருப்பன்."

"உனக்கு வேலை..."

"பஸ்தா, அம்மா. போதும். வேலை எண்டு சொல்லாதேங்கோ."

முதலில் விரல்களை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். எலும்புக்குள் அழுகல் ஏறியிருந்தது. இரண்டாம் தரம் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது, சிஞ்ஞோரா எப்படி என்றுதான் முதலில் கேட்டாள். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொன்னார்கள்.

ஃபாபியோ பொலிசுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்ததென்று முறைப்படி அறிவித்தான். வரவேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். அவளுடைய உடுப்புகளும் சாமிப் படமும் ஒரு பெட்டியில் கட்டி, துசானியின் கடைக்கு வந்து சேர்ந்தன. லிபெர்த்தா வீடு பூட்டப்பட்டது. சிஞ்ஞோராவை முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தான்.

பங்குனியில், முன்பக்கம் அடைத்துத் தைத்த சப்பாத்தோடும் ஒரு தடியோடும் ஞானம்பிகை அந்த இல்லத்துக்குப் போனாள். துரத்திவிடுவார்கள் என்று நினைத்தாள். சிஞ்ஞோரா சில்லு நாற்காலியில் யன்னலோரம் இருந்தார். சுருங்கிச் சிறியவராகியிருந்தார்.

"ஞானாவா? நடை வேறு மாதிரிக் கேட்கிறதே."

"கால் வெட்டினார்கள், சிஞ்ஞோரா."

"எனக்குச் சொன்னார்கள்." அவர் கையை நீட்டித் தேடினார், ஞானம்பிகை தன் கையைக் கொடுத்தாள். "நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் வேறு ஆளை எடுத்திருப்பீர்கள்."

சிஞ்ஞோரா இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் யோசித்தார். கணக்குப் படிப்பித்தவர், விடையைச் சும்மா சொல்லுகிறவர் அல்ல.

"ஃபாபியோ எடுத்திருப்பான்" என்றார் கடைசியில். "நானும் தடுத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்."

இருவரும் வெகுநேரம் கையைப் பிடித்தபடி இருந்தார்கள். பாடம் ஒன்றும் அங்கே ஓடவில்லை. பணிப்பெண் தேநீர் கொண்டு வந்தாள். ஞானம்பிகை அதை ஆற்றி, அவருடைய வாயருகே பிடித்தாள்.

தொனத்தெல்லா அவளை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இந்தச் சம்பவத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். வேறு வீடுகளிலும் கேட்டுப் பார்த்தபோது, கணவனும் மனைவியும் ஒரே மிசினில் குத்துவது, பேரப்பிள்ளை விளையாட்டுக்குச் சோதிப்பது என்று பல வெளியில் வந்தன. இப்போது அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் முன், 'இது உங்களுடையதுதானா?' என்று திரை கேட்கிறது. அதை ஒரு நல்ல செய்தி போல ஞானம்பிகைக்குச் சொன்னாள் தாதி. 

பிறகு ஒருநாள் தாதி வேறொன்று கேட்டாள். "எங்கள் பாதப் பிரிவுக்கு உங்கள் ஆட்கள் கடைசி நேரத்தில்தான் வருகிறார்கள். பாடங்கள் இத்தாலியனில் இருக்கின்றன, அரபியில் இருக்கின்றன. தமிழில் இல்லை. நீங்கள் சொல்லித் தருகிறீர்களா? குரல் மட்டும் போதும்."

"நான் செய்த வேலைக்கு என் குரலை யார் நம்புவார்கள்?"

"உங்கள் பெயரைப் போட மாட்டோம்."

அவள் மறுத்துவிட்டு வந்தாள். துசானிதான் விடவில்லை. இத்தாலியன் வசனங்களை மகள் தமிழாக்கினாள்; அது தாய்க்குப் பிடிக்கவில்லை. "இப்பிடி ஆர் கதைக்கிறது? 'பாதங்களைத் தினமும் பரிசோதியுங்கள்' எண்டு கோயிலிலை அறிவிக்கிற மாதிரி இருக்கு. 'ஒவ்வொரு நாளும் காலைத் திருப்பிப் பாருங்கோ, குனிய ஏலாட்டி வீட்டிலை இருக்கிற ஆரையும் பாக்கச் சொல்லுங்கோ' எண்டு எழுது." பக்கத்துச் சந்தைச் சத்தம் புகாமல் யன்னலில் போர்வையைக் கட்டி, துசானியின் கைபேசியில் ஒவ்வொன்றாகப் பேசினாள். எழுதித் தராத ஒன்றையும் கடைசியில் தானாகப் பேசினாள். "வேலை போயிடுமெண்டு மறைக்காதேங்கோ. மறைச்சாலும் வேலை போகும். காலும் போகும்."

தொனத்தெல்லா அதையும் சேர்த்துக்கொண்டாள். குரல் செய்திகள் மாதா கோயில்காரரின் கைபேசிக் குழுக்களிலும் பிள்ளையார் கோயில் குழுவிலும் சுற்றின. பெயர் போடாவிட்டாலும் குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் முகத்துக்கு முன்னாலேயே பேசினார்கள். "அந்தக் கிழவியை விழுத்தினவ இப்ப எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டா" என்று ஒருத்தி பஸ்ஸில் சொன்னது அவளுடைய காதில் விழுந்தது. அவள் அடுத்த தரிப்பில் இறங்கினாள்.

மன்னாரைச் சேர்ந்த ஏர்னஸ்ற் என்பவர் மட்டும் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். பிற்சேரியா என்கிற பீட்சாக் கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறவர்.

"அக்கா, காலிலை ஒரு கொப்புளம். நோகேல்லை."

"நோகேல்லையோ? அப்ப இண்டைக்கே காட்டவேணும். படம் எடுத்து ஆஸ்பத்திரிப் பாதப் பிரிவு நம்பருக்கு அனுப்புங்கோ."

"கோடை விடுமுறைக் கிழமை, அக்கா. கடை நிறைஞ்சு வழியுது. முடியட்டும், போறன்."

"தம்பி, நானும் முடியட்டும் எண்டுதான் இருந்தனான்."

படத்தை அனுப்பினார். அன்றைக்கே வரச்சொல்லி ஆஸ்பத்திரி பதில் போட்டது. அந்தக் கிழமை முடிந்துதான் போனார். "ஒரு விரலோடை போச்சுது, அக்கா. கடவுள் காப்பாத்தினார்" என்று பிறகு மகிழ்ச்சியாகச் சொன்னார். தொலைபேசியை வைத்தபிறகு, ஒரு விரலுக்குச் சந்தோசப்பட வேண்டியிருக்கே என்று ஞானம்பிகை இராஜதுரையிடம் சொன்னாள். அவர் அவளுடைய காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோரா கொன்செத்தா அடுத்த மாரியில் இறந்தார். ஞானம்பிகைக்கு யாரும் அறிவிக்கவில்லை. லிபெர்த்தாவில் ஒரு வீட்டுக்கு இஸ்திரி போடப் போய்க்கொண்டிருந்தவள், சுவரில் கறுப்புக் கரையிட்ட மரண அறிவித்தல் ஒன்றில் அந்தப் பெயரைக் கண்டு நின்றாள். அடக்கம் முடிந்து போயிருந்தது. முப்பதாம் நாள் பூசை எந்தக் கோயிலில் என்று மட்டும் கீழே இருந்தது.

அவள் போனாள். சைவக்காரி, எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். முன்னால் சில முதியவர்களும் ஃபாபியோவும். பூசை முடிந்து ஆட்கள் வெளியேறும்போது அவன் அவளைக் கண்டான். தலை நரைத்திருந்தது. கடந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் நின்றான்.

"கால் எப்படி?"

"பரவாயில்லை, அவ்வக்காத்தோ."

"மருந்து எடுக்கிறாயா? ஒழுங்காக?"

"எடுக்கிறேன்."

 பிறகு தலையை அசைத்துவிட்டு, கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே வெளியில் போனான். கோயில் பணியாளர் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். ஞானம்பிகை தடியை ஊன்றி மெல்ல எழும்பினாள்.